உடைந்த ஊசி நுனியும் முப்பத்தொரு குழந்தைப் போர்வைகளும்

டேக் கன்னை மேசையில் வைக்கும்போது ஊசிக்கு மூடி போடுங்கள். இந்தத் தையல் பட்டறையில் மேற்பார்வைக்கு இருந்த பத்து வருடமும் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் கழிந்து, போன கிழமை உங்களைப் பார்க்க வந்தபோது, வாசலுக்குள் கால் வைத்ததும் கண்ணில் பட்டது எது? மூடியில்லாத நான்கு ஊசிகள். ஒருத்தி அந்தக் கன்னால் கலண்டரைச் சுவரில் தொங்கும் சீலையில் அடித்து மாட்டியிருந்தாள். இன்னொருத்தி தன் சட்டையின் பிய்ந்த ஓரத்தை, சட்டையைக் கழற்றாமலே அடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கும் ஊசிக்கும் இடையில் அரை விரல் இடைவெளி. நான் தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். பேசியிருந்தால் அன்று உங்களுக்கு வேலை நடந்திராது. அதனால் எழுதித் தருகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

டேக் கன் என்பது கடைகளில் உடுப்புக்கு விலைச் சீட்டு அடிக்கும் அதே சாமான்தான். துளையுள்ள ஊசி, அதற்குள்ளால் போகும் பிளாஸ்டிக் இழை. விசையை அமர்த்தினால் இழை துணியின் மறுபுறம் போய்த் தன் கையை விரித்துப் பிடித்துக்கொள்ளும். போர்வையின் மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் தைக்கும் வரை நழுவாமல் நூலோட்ட ஒருத்திக்கு அரை நாள் பிடிக்கும். கன் என்றால் பத்து நிமிடம். அதனால்தான் நம் பட்டறைக்கு அது வந்தது. அதனால்தான் அதை எல்லாவற்றுக்கும் தூக்குகிறீர்கள். நானும் தூக்கினேன்.

கன் வந்த புதிதில் ஒரு காலை நேரம், டவுனில் இருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். மகளுக்குக் கலியாணப் பதிவு. காருக்குள் ஏறும்போது சேலையின் கீழ்க்கரை கதவில் மாட்டிக் கிழிந்துவிட்டது. "ஒரு மணித்தியாலம்தான் இருக்கு, என்னவாவது செய்யுங்கோ" என்றார். நான் கன்னை எடுத்தேன். ஆறு தடவை அடித்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மறுநாள் அவர் திரும்பி வந்து சேலையை என் மேசையில் விரித்தார். நல்ல பட்டு. நான் அடித்த ஆறு இடத்திலும் ஆறு ஓட்டைகள், ஒவ்வொன்றில் இருந்தும் நூல் இழுபட்டு ஓடியிருந்தது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களே பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். அது அவருடைய தாயின் சேலையாம். நேரத்தை மட்டும் காதில் வாங்கிய நான், என்ன துணி என்று கேட்கவில்லை. இறுக்கமாக நெய்த துணியில் அந்த ஊசி போட்ட ஓட்டை ஒருநாளும் மூடாது. கையால் ஒரு ஓரம் தைக்க எனக்குப் பதினைந்து நிமிடம் போதும். நாற்பத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கும்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது சேலைக்காக அல்ல. ஜெயந்தினி உடைத்த ஊசிக்காக.

ஜெயந்தினி குச்சவெளியில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். உங்களில் சிலருக்கு அவளைத் தெரியும். ஒரு பிள்ளையின் தாய். கன் பிடிப்பதில் அவள் கைக்கு ஈடான கை இந்தத் துறைமுகப் பக்கத்தில் இல்லை. அந்தக் கிழமை ஒரு ஆஸ்பத்திரியின் பிறந்த குழந்தைகள் வார்டுக்கு முப்பத்தொரு சிறு போர்வைகள் செய்துகொண்டிருந்தோம். ஒரு நற்பணிச் சங்கம் கொடுக்கிறது. புதன்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் கையளிப்பு விழா. ஒரு மணிக்கு வான் வரும்.

இதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கிளிவெட்டியில் இருந்து வரும் சிவமலர் ஒரே நாளில் இரண்டு ஊசிகளை உடைத்தாள். இரண்டு தடவையும் உடனே என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் மற்றப் பதினைந்து பேருக்கு முன்னால் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். "இது கையோ உலக்கையோ?" என்று கேட்டது நினைவிருக்கிறது. மற்றவற்றை இங்கே எழுத ஏலாது. பட்டறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் பாடம் படிப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். படிப்பித்துத்தான் இருந்தேன். எந்தப் பாடம் என்பது புதன்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை பதினொன்றரை மணி. போர்வைகள் எல்லாம் தைத்து முடிந்து, இழைகளை வெட்டி எடுத்து, மடித்து அடுக்கியாகிவிட்டது. நான் ஜெயந்தினியின் மேசையைக் கடந்தபோது அவளுடைய கன்னைப் பார்த்தேன். ஊசி புத்தம் புதிதாக மின்னியது. காலையில் நான் கொடுக்கும்போது அது மங்கலாக இருந்தது. ஊசிப் பெட்டியைத் திறந்தேன். ஒன்று குறைந்திருந்தது.

"பிள்ளை, ஊசி மாத்தினீங்களோ?"

"இல்லையக்கா. முதலே இதுதான் இருந்தது."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ."

அவள் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த துணித் துண்டை மடித்தாள், பிறகு விரித்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"காலமை ஒன்பதரை போல உடைஞ்சதக்கா. அடிப்பாகத்தைக் குப்பைக் கூடையில போட்டனான். நுனியைக் காணேல்லை. கீழயெல்லாம் தேடினனான்."

"என்னத்துக்கு உடன சொல்லேல்லை?"

"நீங்கள் பேசுவீங்கள் எண்டு."

எரிச்சல் எப்படி வந்தது என்று கேளாதீர்கள். ஒன்பதரையில் சொல்லியிருந்தால் அவள் மேசையில் இருந்த ஒரே ஒரு போர்வையை ஒதுக்கியிருப்போம். இரண்டு மணித்தியாலத்தில் அந்த மேசையைப் பத்துப் போர்வைகளாவது கடந்து போயிருந்தன. எந்தப் பத்து என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வழக்கமாக ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் இலக்கச் சீட்டு ஒன்று குத்துவோம். எந்த மேசை, எத்தனையாவது என்று அதில் இருக்கும். அன்று காலையில், நேரம் இல்லை, இலக்கம் வேண்டாம் என்று சொன்னது யார்? நான்தான். அந்த எரிச்சலை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆக முப்பத்தொரு போர்வையும் சந்தேகம். ஒன்றுக்குள் அரை விரற்கடை நீளத்தில், கத்தி போலக் கூரான ஊசி நுனி. அதற்கு மேல் படுக்கப்போவது பிறந்து இரண்டு நாளான குழந்தை.

குப்பைக் கூடையைக் கவிழ்த்து அடிப்பாகத்தை முதலில் எடுத்தோம். பக்கத்தில் மீன்பிடி வள்ள இயந்திரம் திருத்தும் கடையில் இருந்து ஒரு பெரிய காந்தத்தை வாங்கி வரச் செய்தேன். அது வந்ததும் முதல் போர்வையில் வைக்கப் போனேன். சிவமலர் என் கையைப் பிடித்தாள். இரண்டு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள்.

"முதல் அந்த மிச்சத் துண்டில வைச்சுப் பாருங்கோக்கா."

வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. திருப்பி வைத்தேன். ஒட்டவேயில்லை. அந்த ஊசி காந்தத்தில் ஒட்டாத உருக்கு. அவள் தடுத்திராவிட்டால் முப்பத்தொரு போர்வையிலும் காந்தத்தை இழுத்துவிட்டு, எல்லாம் சுத்தம் என்று நிம்மதியாக வானில் ஏற்றியிருப்பேன். தேடும் சாமான் தேடுவதைக் கண்டுபிடிக்குமா என்று முதலில் பாருங்கள். பிறகு தேடுங்கள்.

மிச்சம் இருந்தது கைதான். ஜன்னலோரம் மேசைகளை இழுத்துப் போட்டு, ஒரு போர்வைக்கு இரண்டு பேராக, உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாக அமர்த்தித் தடவினோம். பத்துப் போர்வை முடிந்தது. ஒன்றும் இல்லை. வான் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தது. முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் மண்டபத்தில் நின்றார்.

"கதிரையெல்லாம் போட்டாச்சு, படம் எடுக்கிறவரும் வந்திட்டார். என்னக்கா இப்ப போய் இப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"ஊசி கிடைக்காமல் அனுப்ப ஏலாது."

"ஊசி போர்வைக்குள்ள இல்லாமலும் இருக்கலாம்தானே?"

"இருக்கலாம். இல்லையெண்டு நீங்கள் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறீங்களோ? நான் இப்பவே ஏத்திவிடுறன்."

அவர் போனை வைத்துவிட்டார். இருபது நிமிடத்தில் நேரே வந்து நின்றார். விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் அவசரம் வந்தால் காது கேட்காது. வார்டுச் சிஸ்டர் மண்டபத்துக்கு வந்து காத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்ன சொல்வது என்று குதித்தார். நான் சொல்கிறேன், போனைத் தாருங்கள் என்றேன்.

அந்தச் சிஸ்டரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பெயரும் தெரியாது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எப்ப தருவீங்கள்?"

"பின்னேரத்துக்குள்ள..." என்று தொடங்கினேன். எப்படியாவது ஒரு நேரத்தைச் சொல்லித் தப்பிவிடலாம் என்றிருந்தது.

"தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ அம்மா."

"தெரியாது சிஸ்டர்."

"சரி. பிள்ளையள் இவ்வளவு நாளும் பழைய துணியிலதான் கிடந்தவை. இன்னும் ரெண்டு மூண்டு நாள் கிடப்பினம். நீங்கள் வடிவாத் தேடுங்கோ. சங்கத்துக்காரரோட நான் கதைக்கிறன்."

முதலாளி படத்துக்காவது ஒரே ஒரு போர்வை கேட்டார். அதையும் கொடுக்கவில்லை. அந்த ஒன்றில் இருந்தால்? படம் எடுத்த பிறகு அதை யார் கையில் இருந்து திருப்பி வாங்குவது? வெறுங்கையோடு விழா நடந்தது. மூன்று கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சிவமலரிடம் சொல்லி அனுப்புவார், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

பின்னேரம் நான்கு மணிக்கு முப்பத்தொன்றையும் தடவி முடித்தோம். எதிலும் இல்லை. "அப்ப சுத்தம்தானே?" என்று ஒருத்தி கேட்டாள். சுத்தமா? அடிப்பாகத்தை மூன்றடுக்குத் துணிக்குள் வைத்து அவளிடமே கொடுத்து, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூன்று தடவை தடவினாள். இரண்டு தடவை தவறவிட்டாள். அடுத்தது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தையலைப் பிரித்து, மூன்று அடுக்கையும் தனித்தனியாக விரித்துப் பார்ப்பதுதான். எட்டு நாள் வேலையை எங்கள் கையாலேயே பிரித்தோம். வியாழக்கிழமை முடிய பதினெட்டுப் போர்வை பிரிந்து கிடந்தது. பதின்மூன்று மிச்சம். நுனியைக் காணோம். ஜெயந்தினி இரண்டு நாளும் சாப்பிடவில்லை. சாப்பிடு என்று நானும் சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை. என் வீடு சல்லியில், கடற்கரையோரம். வெள்ளிதோறும் வேலைக்குப் புறப்படுமுன் கிணற்றடியில் செருப்பைக் கழுவுவது வழக்கம். மணலும் மீன் செதிலும் அப்பியிருக்கும். றப்பர் செருப்பைக் கவிழ்த்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். குதிக்கால் பக்கத்தில் ஏதோ மின்னியது. செதில் என்று நினைத்தேன். நகத்தால் நெம்பினேன். வரவில்லை. கொண்டை ஊசியால் கிளறி எடுத்தேன்.

ஊசி நுனி.

புதன்கிழமை ஜெயந்தினியின் மேசையடியில் மிதித்திருக்கிறேன். இரண்டு நாளாக அதைக் காலில் கொண்டு திரிந்து, அதன்மேல் நின்றுகொண்டே மற்றவர்களை அதட்டித் தேட வைத்திருக்கிறேன். சைக்கிளில் வீட்டுக்கும் கொண்டுவந்து, மறுநாள் பட்டறைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். கிணற்றுக் கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் முதல் யோசனை என்ன தெரியுமா? கடல் இருநூறு அடி தூரத்தில் இருக்கிறது. எறிந்துவிட்டால் முடிந்தது. மிச்சப் பதின்மூன்றையும் பிரிப்போம், கிடைக்காது, அப்போது எல்லாம் சுத்தம் என்று தெரிந்துவிடும். திரும்பத் தைத்துக் கொடுப்போம். குழந்தைகளுக்கும் ஆபத்து இல்லை. பதினாறு பேரின் இரண்டு நாள் என் செருப்பின் அடியில் கிடந்தது என்பது எவருக்கும் தெரியவேண்டியதில்லை. முதலாளிக்கு முக்கியமாகத் தெரியவேண்டியதில்லை. எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தேன். வள்ளங்களை இழுத்துவிட்ட இடம் வரைக்கும் போனேன்.

அங்கே நின்றபோதுதான் ஜெயந்தினி நினைவுக்கு வந்தாள். ஒன்பதரை மணிக்கு அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள். பேச்சு விழும் என்ற பயம், அதோடு, ஒன்றும் ஆகாது என்று மனம் காட்டும் கணக்கு. இரண்டு நாளாக அவளைக் கள்ளி போலப் பார்த்தவள் நான். எனக்கு வந்த பயம் அவளுடையதைவிடச் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. அதே பயம்தான்.

நுனியை ஒரு பேப்பர்த் துண்டில் மடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எல்லாரும் பிரிக்க உட்கார்ந்திருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். பேப்பரை மேசையில் விரித்து, அடிப்பாகத்தை எடுத்து இரண்டையும் பொருத்திக் காட்டினேன். உடைந்த வாய் இரண்டும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. துண்டு ஒன்றும் குறையவில்லை. "என்ர செருப்புக்குக் கீழ இருந்தது" என்றேன்.

நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஒருத்தி கத்தரிக்கோலை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவளில் பிழை இல்லை. சிவமலர் என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது காலோ உலக்கையோ அக்கா?"

பட்டறையே வெடித்துச் சிரித்தது. நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஜெயந்தினி சிரிக்கவில்லை. எல்லாரும் வேலைக்குத் திரும்பிய பிறகு கிட்ட வந்தாள்.

"வீட்டில கண்டெடுத்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப, சொல்லாமல் விட்டிருக்கலாம்தானே?"

"யோசிச்சனான்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு போய்த் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, காலை எட்டரை மணிக்கே, புட்டைச் சாப்பிடத் தொடங்கினாள்.

பிரித்ததைத் திரும்பத் தைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை போர்வைகள் போய்ச் சேர்ந்தன. விழாவும் இல்லை, படமும் இல்லை.

இப்போது சிலர் கேட்பீர்கள்: ஊசி போர்வைக்குள் இல்லை என்றால், பதினெட்டுப் போர்வையை வீணாகத்தானே பிரித்தோம், முதலாளி சொன்னது சரியாகத்தானே வந்தது என்று. இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தலை வெடிக்கும். புதன்கிழமை ஒரு மணிக்கு எனக்கோ அவருக்கோ செருப்பு விஷயம் தெரியுமா? தெரிந்தது, ஒரு நுனியைக் காணோம் என்பது மட்டும். அந்த நேரத்தில் கையில் இருந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அது எப்படி முடிந்தது என்பதைப் பார்த்து முடிவுக்குப் புள்ளி போடாதீர்கள். நாளைக்கே ஒரு ஊசி உடைந்து, நுனியைக் காணாமல், வான் வாசலில் நின்றால், திரும்பவும் பிரிப்பேன், முப்பத்தொன்றையும் பிரிக்க வேண்டி வந்தாலும். முதலில் எல்லாருடைய செருப்பையும் கவிழ்த்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இலக்கச் சீட்டு இல்லாமல் ஒரு போர்வையும் என் மேசையைத் தாண்டவில்லை. உடைந்த ஊசியின் துண்டுகளைப் பொருத்தி ஒட்டுவதற்கு ஒரு நோட்டுக் கொப்பி போட்டோம். துண்டு குறைந்தால் புது ஊசி கிடையாது. இவையெல்லாம் இப்போதும் உங்கள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருப்பதை வாசிக்கிறீர்களா என்பது வேறு கதை.

மேற்பார்வைக்கு வரப்போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. இரண்டு மாதம் கழித்து, பெரிய ஓடர் ஒன்றின் கடைசி நாள், நான் தலைக்கு மேல் வேலையோடு நின்றபோது ஜெயந்தினி எழும்பி நேரே என்னிடம் நடந்து வந்தாள். பட்டறையின் மறுகோடியில் இருந்து, எல்லாரும் பார்க்க. உள்ளங்கையை விரித்தாள். ஊசி இரண்டு துண்டாகக் கிடந்தது.

"அக்கா, உடைச்சுப்போட்டன். இப்பதான். ரெண்டு துண்டும் இருக்கு."

அந்தக் கிழமையில் அது மூன்றாவது ஊசி. என் தொண்டை வரைக்கும் வந்ததை நீங்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பீர்கள். பதினைந்து பேரும் கையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்தேன். தாடை நொந்தது.

"கையில குத்தினதோ?" என்று கேட்டேன்.